நிக்கலஸுக்கு விட்ட இடம்

ஒஸ்வால்ட் வெளியே கிளம்பும்போது முதலில் அறை விளக்கை அணைப்பான். பிறகு பியானோ விளக்கைப் போடுவான். பியானோவின் வயிற்றுக்குள் ஒரு சின்ன பல்ப் தொங்குகிறது. கொட்டாஞ்சேனைக் கடற்காற்றில் உப்பு அதிகம், கம்பி துருப்பிடிக்கும், மரம் ஊறும். உள்ளே கொஞ்சம் சூடு இருந்தால் இரண்டும் நடக்காது என்பான். அதனால் அவன் இல்லாத நேரமெல்லாம் மேல் அறையில் பியானோவின் இடுக்குகளால் மஞ்சள் வெளிச்சம் கசிந்துகொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து, மாதாவுக்கு விளக்கேற்றியிருக்கிறது என்று நினைத்துச் சிலுவை அடையாளம் போடுவார்கள். நான் திருத்துவதில்லை. கும்பிட்டால் யாருக்கு நட்டம்?

என் வீட்டு மேல் அறையில் பதினொரு வருடமாக இருக்கிறான். வயது நாற்பத்திரண்டு. தலைமயிர் தோளைத் தொடும், சாரத்தைவிட மயிரைத்தான் கவனமாகத் துவைப்பான். அவன் வந்த அன்றைக்குத் துறைமுகத்து ஆட்கள் ஆறு பேர் ஜன்னல் சட்டத்தைக் கழற்றிக் கயிறு போட்டுப் பியானோவை மேலே இழுத்தார்கள். அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஒரு பறங்கிக் கிழவி விட்டுப்போன சாமான். சட்டத்தைத் திரும்பப் பூட்டித் தருகிறேன் என்றான். பதினொரு வருடமாக மழைக்கு நான்தான் சாக்குத் துண்டு வைக்கிறேன்.

கிழமை நாட்களில் வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் பிள்ளைகளுக்குப் பியானோச் சோதனைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறான். அந்த வீடுகளுக்குப் போகும்போது மயிரைச் சேர்ட் கொலருக்குள் விட்டுக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓர்கன். காலால் தரையை உதைக்கக் கூடாது என்று பங்குச் சுவாமி தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். மீதி நேரம் ரொக் பாட்டு. அது என்னவென்று ஒருநாள் கேட்டேன்.

"கோவிலில வாசிக்கிறதுதான் அன்ரி. கோவத்தோட வாசிக்கிறது."

"யாரோட கோவம்?"

"அது பாட்டுக்குப் பாட்டு மாறும்."

முன்பு அவனுக்கு ஒரு பாண்ட் இருந்தது. பிரேக்வோட்டர்ஸ் என்று பெயர். துறைமுகத்தில் கடலை மறித்துக் கட்டிய மதில் இருக்கிறதே, அதன் பெயரை வைத்தார்கள். கிற்றாருக்கு நிக்கலஸ், டிரம்ஸுக்குச் சவுந்தரநாயகம், இரண்டும் இந்தத் தெருப் பிள்ளைகள். பேஸ் கிற்றாருக்கு வெள்ளவத்தையிலிருந்து தில்லைநாதன். கலியாண வீடு, ஹோட்டல், கிறிஸ்மஸ் டான்ஸ் எல்லாம் இவர்கள்தான். நாட்டில் சண்டை வந்தது. ஒவ்வொருவராகப் பெட்டி கட்டினார்கள். முதலில் டிரம்ஸ் ஜேர்மனிக்குப் போனது. பிறகு பேஸ் மெல்பனுக்கு. கடைசியாக நிக்கலஸ் ரொறன்ரோவுக்கு. நிக்கலஸை வழியனுப்ப ஒஸ்வால்ட் கட்டுநாயக்கா ஏர்போட்டுக்குப் போகவில்லை. அன்றைக்கு முழுக்கப் பியானோவின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

இப்படித்தான் அவன் தனிப் பாடகன் ஆனான். ஆனால் அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. "நாங்க புதுப் பாட்டு ஒண்டு செய்யிறம்" என்பான். "நாங்க இந்தக் கிழமை பிரக்டிஸ் பண்ணல்ல" என்பான். மேலே ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு தலையணை. நாங்களாம்.

கேட்க ஆள் வந்தது கரண்ட் வெட்டால். மழை இல்லை, நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இல்லை என்று இந்த வருடம் நாளுக்கு இத்தனை மணித்தியாலம் என்று வெட்டினார்கள். கரண்ட் இல்லாவிட்டால் ஊரில் எந்த பாண்டும் ஊமைதான். பியானோவுக்கு என்ன வந்தது? மின்விசிறி நின்றதும் சனம் புழுக்கம் தாங்காமல் படியில் வந்து உட்காரும். மேலே இவன் தொடங்குவான். முதல் கிழமை எதிர்வீட்டு மாக்ரெட் ஜன்னலைச் சாத்தினாள். இரண்டாம் கிழமை திறந்தாள். மூன்றாம் கிழமை துணி அலசும்போது அவள் வாயில் அவனுடைய பாட்டு:

"அட்டையை எடுத்து வை கண்ணே, அட்டையை எடுத்து வை
முத்தம் பிறகு பாப்பம், சந்தியில மறிக்கிறான்."

அடையாள அட்டையைப் பற்றிக் காதல் பாட்டு எழுதுகிற மனிதன் வேறு யாரும் இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. அப்படி எழுதக் கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை.

அவனுடைய எல்லாப் பாட்டிலும் ஒரு குழி உண்டு. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று வலது கையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொள்வான். இடது கை மட்டும் கீழே தும் தும் என்று நடக்கும். தலை இடப்பக்கம் திரும்பியிருக்கும், பதினாறு எண்ணும் வரை அப்படியே. பாட்டு முடிந்தது என்று சனம் கை தட்டத் தொடங்கும். பிறகு வலது கை திரும்ப ஏறும். தட்டியவர்களுக்கு வெட்கம்.

"ஏன்டா அந்த இடத்தில சும்மா இருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"அது நிக்கலஸ்ட சோலோ அன்ரி."

"நிக்கலஸ் கனடாவில பனி வழிக்கிறான்."

"தெரியும். இடம் அவன்டதானே."

வாடகைக்கு விட்டவள் நான். காலியாக இருக்கும் இடத்தைப் பற்றி எனக்குத் தெரியும். ஆனாலும் அவனோடு கதைத்து வெல்ல முடியவில்லை.

பிறகு ஒரு கசெற் செய்தான். இரண்டு ரெக்கோடரை வைத்து, ஒன்றில் பதிந்ததை ஓடவிட்டு, மேலே வாசித்து மற்றதில் பதிந்தான். பால்மா டின்னைப் பலகையில் கட்டிக் காலால் அடித்தான், அதுதான் டிரம்ஸ். கசெற்றைப் பங்குச் சனம் எல்லாம் வாங்கியதால், கோவில் மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை நாலு மணிக்குப் பாட்டுக் கச்சேரி வைக்கச் சுவாமி சம்மதித்தார். கரண்ட் வெட்டு நேரம்தான் வேண்டும் என்று ஒஸ்வால்ட் கேட்டு வாங்கினான். இருபது வருடமாக மற்றவன் கலியாணத்துக்கு மற்றவன் பாட்டை வாசித்த பிள்ளை. சொந்தப் பாட்டு மட்டும் பாடி ஒரு மேடை இதுதான் முதல். வெள்ளைச் சேர்ட்டை நான் கஞ்சி போட்டு மடித்து வைத்தேன்.

வியாழக்கிழமை மண்டபக் கதவில் நோட்டீஸ் ஒட்டினான். எழுத்து எனக்குப் படம் மாதிரித்தான். ஒரு நீள வரி, அதன் கீழே மூன்று குட்டை வரி. ஒருத்தனுடைய பெயருக்கு இவ்வளவு இடம் தேவையா என்று மட்டும் நினைத்தேன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் ஒரு சார்ஜன்டும் ஒரு கொன்ஸ்தாபிளும் வாசலில் நின்றார்கள். சார்ஜன்ட் கையில் இரண்டு கடதாசி.

"அனித் துந்தெனா கோ?" என்றார். மற்ற மூன்று பேரும் எங்கே என்கிறார்.

"எந்த மூண்டு பேர்?" என்றேன், எனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில். "மேல ஒருத்தன்தான் இருக்கான்."

ஒரு கடதாசி நோட்டீஸ், கச்சேரிக்கு அனுமதி கேட்டுப் பொலிசுக்குப் போனது. அதில் நாலு பெயர். மற்றது வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நான் பொலிசுக்குக் கொடுத்த பத்திரம். கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்ததிலிருந்து தமிழ் வீடு எல்லாம் கொடுக்க வேண்டியது. அதன் அடியில் என் பெருவிரல். மேல் அறைக்கு ஒரு பெயர். கணக்கில் மூன்று தமிழ் இளந்தாரிகள் குறைகிறார்கள். இப்படிக் கணக்குப் பிழைத்த வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு போனால் எப்போது இறக்குவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"நான் ரேகை வச்சது ஒருத்தனுக்கு," என்றேன். "நாலு பேருக்கு வச்சிருந்தா என்ட விரலுக்குத் தெரிஞ்சிருக்கும்."

மேலே போனார்கள். நான் பின்னால் ஏறினேன். கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள், அலுமாரியைத் திறந்தார்கள். அப்போதுதான் சார்ஜன்ட் கண்டார், சுவரிலிருந்து ஒரு வயர் புறப்பட்டுப் பெரிய கறுப்புப் பெட்டிக்குள் போகிறது. கொன்ஸ்தாபிள் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். ஒஸ்வால்ட் மெதுவாக மூடியைத் தூக்கிக் காட்டினான். பல்ப்.

"என்னத்துக்கு?"

"ஈரத்துக்கு, சேர்."

சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றி வியர்வை துடைத்தார். "சரி. எத்தனை பேர் வாசிக்கிறீங்க?"

"நாங்க நாலு பேர், சேர்."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"மத்தவங்க எங்க?"

"ஒருத்தன் ஜேர்மனி, ஒருத்தன் மெல்பன், ஒருத்தன் ரொறன்ரோ."

"எப்ப வந்தாங்க?"

"வரல்ல, சேர்."

"வராதவங்க இண்டைக்கு நாலு மணிக்கு எப்பிடி வாசிப்பாங்க?"

"வாசிக்க மாட்டாங்க, சேர்."

"அப்ப ஏன் பேர் போட்டாய்?"

"எடுத்தா கோவிப்பாங்க."

எங்கள் பக்கத்தில் இது பெரிய விசயமில்லை. வெளிநாடு போனவனுடைய பெயரைக் கோவில் சபைப் புத்தகத்தில் கூட யாரும் வெட்டுவதில்லை. வெட்டினால் செத்தவன் மாதிரி. இதைச் சார்ஜன்டுக்குச் சொல்லச் சந்தைச் சிங்களம் போதவில்லை.

"அன்ரி, கசெற்றைப் போடுங்க," என்றான் ஒஸ்வால்ட். மரண அறிவித்தல் கேட்க நான் வைத்திருக்கும் பற்றரி ரேடியோவில் கசெற்றும் ஓடும். கொண்டுவந்து வைத்தேன். சார்ஜன்ட் கேட்டுக்கேட்டு விரலை நிமிர்த்தினார். பாடிக்கொண்டு பியானோ அடிப்பவனுக்கு ஒன்று. டிரம்ஸுக்கு இரண்டு. பேஸுக்கு மூன்று. அப்போது நிக்கலஸின் இடம் வந்தது. ரேடியோவில் தும் தும் மட்டும். அதற்கு நடுவில் ஒரு பொம்பிளைக் குரல்: "ஒஸ்வால்ட், பைப்பில தண்ணி வந்திட்டு, வாளியைக் கொண்டா!"

நாலாவது விரல் நிமிர்ந்தது.

"இப்ப பாருங்க, சேர்," என்று ஒஸ்வால்ட் பியானோவில் உட்கார்ந்து அதே பாட்டைத் தொடங்கினான். கால் டின்னை உதைத்தது. சார்ஜன்ட் ஒரு விரலை மடக்கினார். இடது கை பேஸ் நடந்தது. இன்னொன்றை மடக்கினார். பதினாறு எண்ணும் இடம் வந்தது. வலது கை முழங்காலுக்குப் போனது. சார்ஜன்ட் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒஸ்வால்ட், பைப்பில தண்ணி வந்திட்டு, வாளியைக் கொண்டா!" என்று கத்தினேன். அதே குரல்தான். எதிர்வீட்டில் மாக்ரெட் வாளியோடு ஓடுகிற சத்தம் கேட்டது.

சார்ஜன்ட் அந்த விரலையும் மடக்கினார். ஒன்று மிச்சம். அதை ஒஸ்வால்டுடைய மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இப்ப சொல்லு. எத்தனை பேர்?"

அவன் பியானோவின் மூடியை ஒருமுறை தடவினான். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலில் நிற்கிறவன் மாதிரி முகம். எனக்கு ஆத்திரம் வந்தது. "சொல்லித் தொலையன்டா, ரெண்டு பேரையும் ஏத்தப் போறாங்க!"

"எக்கெனய்," என்றான். ஒருத்தன்.

நோட்டீசில் மூன்று வரியையும் அவன் கையாலேயே வெட்ட வைத்தார்கள். அழுத்தாமல் வெட்டினான், பெயர் தெரியும்படி. கடதாசியின் பின்பக்கத்தில் ஒருத்தன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். பக்கத்தில் என் பெருவிரலும் திரும்ப. சார்ஜன்ட் படியில் நின்று சொன்னார்: கொன்ஸ்தாபிள் மண்டபத்துக்கு வருவான். இன்னொரு ஆள் இருக்கிறான் என்று சின்னச் சந்தேகம் வந்தாலும் கச்சேரி நின்றுவிடும், இவனும் வர வேண்டும், வீட்டுக்கார அம்மாவும் வர வேண்டும்.

அவர்கள் போனதும் சொன்னேன். "அந்த இடத்தை இண்டைக்கு அடைச்சு விடு. என்னத்தையாவது வாசி. திரும்பி நிக்கலஸைத் தேடாத. அந்தக் கொன்ஸ்தாபிள் பொடியன் திரைக்குப் பின்னால ஆள் நிக்குது எண்டு நினைப்பான்."

"பாப்பம் அன்ரி."

"பாக்க ஒண்டும் இல்ல. வாசி."

"பாப்பம்."

நாலு மணிக்கு மண்டபத்தில் அறுபது பேர் இருந்திருப்பார்கள். கரண்ட் இல்லை, எல்லோர் கையிலும் விசிறி, நோட்டீசையே மடித்து விசிறியவர்களும் உண்டு. வெள்ளவத்தைப் பிள்ளைகள் தாய்மாரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சேரின் மயிர் அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் கண்டார்கள். கொன்ஸ்தாபிள் பின் கதவோரம் நின்றான். நான் அவனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக்கொண்டேன். ஏற்றுவதென்றால் தூரம் நடக்க வேண்டாம்.

முதல் நாலு பாட்டையும் மண்டபத்துப் பழைய பியானோவில் குழியில்லாமல் வாசித்தான். அந்த இடம் வரும்போதெல்லாம் வலது கை எதையோ வாசித்துக் கடந்தது. சரியாகத்தான் இருந்தது. கண்ணாடி போட்ட ஜன்னல் மாதிரி இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. மாக்ரெட் திரும்பி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள், இது அவனில்லை என்பது போல.

ஐந்தாவது, அட்டைப் பாட்டு. சனம் சேர்ந்து பாடியது. சந்தியில மறிக்கிறான் என்ற இடத்தில் கொன்ஸ்தாபிளுடைய பெருவிரல் கூட இடுப்புப் பட்டியில் தாளம் போட்டது. பிறகு பதினாறு வந்தது. வலது கை மேலே எழும்பியது, கட்டைகளைத் தொடவில்லை. தும் தும் என்று இடது கை மட்டும். தெருக்காரர் யாரும் கை தட்டவில்லை, அவர்களுக்குத் தெரியும். கொன்ஸ்தாபிளின் தாளம் நின்றது. நிமிர்ந்தான். மேடைத் திரையின் ஓரத்தைப் பார்த்தான். ஒரு அடி முன்னால் வைத்தான்.

ஒஸ்வால்ட் தலையை இடப்பக்கம் திருப்பினான், நிக்கலஸ் நிற்கிற பக்கம். அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு, தூக்கிய வலது கையைப் பின் கதவுக்கு நேரே நீட்டி, காலையில் சார்ஜன்ட் செய்தது போல ஒரு விரலை நிமிர்த்தினான். நான் எண்ணினேன். பதினாறு வரும் வரை விரல் இறங்கவில்லை.