மேல்மாடி முருகனைக் காணோம்

கம்ப்யூட்டர்களை ஒயரில் கோத்து வைத்திருக்கிற எந்தக் கடையிலும் ரிப்பேர் வேலை என்பது பாதி ஒயரைப் பார்ப்பது, மீதி அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்ப்பது. ஒயர் எதிர்த்துப் பேசாது என்பதால் நான் எப்போதும் அதிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

நான் எஞ்சினியர் இல்லை. ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கான்வென்ட்டில் படித்தவளுக்கு ரசம் வைக்கத் தெரியாது என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர்கள், இரண்டாயிரம் பிறந்து கடைக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் அதன் இங்கிலீஷ் புத்தகத்தை என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். உங்கள் வீட்டிலும் இப்படித்தான் ஏதாவது ஒன்று உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கும்.

மொத்தம் மூன்று பெட்டிகள். ஒன்று என் மூத்தார் அறையில். அவரைக் கடையில் எல்லோரும் பெரியவர் என்பார்கள். இன்னொன்று மாடியில், பார்டர் டிசைன் வரையும் யூசுப் பாயிடம். மூன்றாவது கணக்கு எழுதும் கமலாவிடம். கமலாவின் வீட்டுக்காரருக்கு விசைத்தறியில் வேலை. கரெண்ட் போனால் கூலியும் போகும். வீடு ஓடியது இவள் சம்பளத்தில்தான். ஒயர் இழுத்த அன்றே பெரியவர் சொல்லிவிட்டார்: "இது ஒழுங்கா ஓடிச்சின்னா கமலா இருக்கட்டும். பேஜார் பண்ணுச்சின்னா ஒயரும் வேணாம், பொண்ணும் வேணாம். பழைய கணக்குப்பிள்ளையக் கூப்பிட்டுக்கலாம்."

இரண்டு ஏகாம்பரம்

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பெயர், ஒரு நம்பர் உண்டு. பெயர் நமக்கு, நம்பர் அதற்கு. நாம் பெயரைச் சொன்னால் அது நம்பரைத் தேடிப் பிடித்துப் போய்ச் சேர வேண்டும். இதை நான் பொறுமையாக விளக்கினேன். பொறுமை எனக்கு மாதத்துக்கு ஒருமுறை வரும். அந்த மாதத்துக் கோட்டா அதில் தீர்ந்தது.

எங்கள் குடும்பத்தில் தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயர்தான். அதனால் மூத்தார் மகனும் ஏகாம்பரம், என் மகனும் ஏகாம்பரம். கம்ப்யூட்டருக்கும் அதே முறை என்று அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பெட்டியில் மாமனார் பெயரையே தட்டிவிட்டார்கள். இரண்டாவது பெட்டி, இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி நெட்வொர்க்கில் சேர மறுத்தது. ஒரு பெயருக்கு ஒரு பெட்டிதான் என்றேன். என் வீட்டுக்காரர் மனசில்லாமல் கணக்குப் பெட்டிக்கு லட்சுமி என்று மாற்றினார். மாடிப் பெட்டி உயரத்தில் இருப்பதால் அதற்கு முருகன். பெரியவருக்கு மட்டும் கடைசி வரை சமாதானமாகவில்லை. "எங்க வூட்ல ரெண்டு ஏகாம்பரம் ஒரே தட்டுல துன்னுகினு வளர்றானுங்க. இந்தப் பொட்டிக்கு மட்டும் என்னா கேடு?"

வேல் வைத்திருப்பவர்

நான் அடுப்பில் புளியைக் கொதிக்க விட்டிருக்கும் நேரம் பார்த்துத்தான் கமலா போன் செய்வாள். ஒருநாள், "அக்கா, மேல இருக்கிற கம்ப்யூட்டரு வர்ல" என்றாள். லிஸ்டில் இல்லாவிட்டால் பெயரைத் தட்டிப் பார் என்றேன். கீபோர்டுச் சத்தமே கேட்கவில்லை. தட்டினாயா என்றேன். "எப்படிக்கா தட்றது?" என்றாள். கீபோர்டால்தான் என்றேன். "அதில்லக்கா. அவரு பேரு... அதான், கையில வேலு வச்சினு இருப்பாரே."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் வீட்டுக்காரர் பெயரும் முருகன். புருஷன் பெயரை வாயால் சொல்லாதவர்களை நானும் பார்த்திருக்கிறேன். விரலால்கூடத் தட்டாதவளை அன்றுதான் பார்த்தேன். இத்தனை நாளும் திரையில் தானாக வரும் லிஸ்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு அழுத்தியிருக்கிறாள். அன்று லிஸ்ட் வரவில்லை, பார்டர் அளவுகள் மாடியிலேயே நின்றுவிட்டன. புளி தீய்ந்தது தீய்ந்ததுதான் என்று அடுப்பை அணைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். முருகனின் நம்பர் பத்தில் முடியும். அந்த நம்பருக்கே அவள் திரையில் ஒரு குறுக்குவழி வைத்து, அதற்கு 'மேலே' என்று பெயரிட்டேன். கமலாவின் முகம் தெளிந்தது. "நம்பர்னா பரவால்லக்கா. நம்பரை யாரு வேணா கூப்பிடலாம்."

போளூரிலிருந்து ஒரு சந்தேகம்

போளூர்க் கிளையைப் பார்த்துக்கொள்வது என் கொழுந்தனார். அங்கே ஒரு கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு எனக்குப் போன். "அண்ணி, முருகன்னு அடிச்சா முருகன் வர மாட்டேன்றாரே." முருகன் என்பது நம் கடைச் சுவருக்குள் செல்லுபடியாகும் பெயர் தம்பி, வீட்டில் குழந்தையைக் குட்டிம்மா என்று கூப்பிடுகிறோம், போளூர் பஸ் ஸ்டாண்டில் நின்று குட்டிம்மா என்றால் எந்தக் குட்டிம்மா திரும்பும் என்று கேட்டேன். "பட்டுக்கடை முருகன், ஆரணின்னு கார்டு போட்டா மறுநாள் வந்து சேருது. உங்க கம்ப்யூட்டர் போஸ்ட்மேன விட மட்டம் அண்ணி."

பெங்களூர்க்காரருக்குக் காட்டிய மாப்பிள்ளைகள்

ஆயுத பூஜைக்கு எங்கள் கடையில் தராசு, கத்தரிக்கோல், கல்லா எல்லாவற்றோடும் கம்ப்யூட்டர்களுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. அன்று எதையும் தொடக்கூடாது. பிளக்கையெல்லாம் பிடுங்கி, பூப்போட்டுச் சாத்திவிடுவோம். அந்த வருஷம் பூஜை முடிந்து கடை திறந்த காலையிலேயே பெங்களூரிலிருந்து பெரிய வியாபாரி ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். தீபாவளிச் சரக்கு முழுக்க எங்களிடமே எடுப்பதாகப் பேச்சு. புது பார்டர்களைத் திரையில் பார்க்க வேண்டும் என்றார்.

கமலா 'மேலே' என்பதை அழுத்தினாள். ஒரே ஒரு ஃபோல்டர் தெரிந்தது. திறந்தாள். மயில் பார்டர் வரவில்லை. கோட்டு போட்ட ஒரு பையன் வந்தான். அடுத்ததை அழுத்தினால் மீசை வைத்த இன்னொருவன். அதற்கடுத்து ஒரு ஜாதகக் கட்டம். பெரியவர் தன் மகளுக்கு வரன் பார்க்கிற விஷயம் எங்களுக்கே அதுவரை தெரியாது. அவருக்கு முகம் சுண்டிவிட்டது. கமலாதான் எதையோ நோண்டிவிட்டாள் என்று தீர்மானித்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று வியாபாரி முன்னாலேயே சொன்னார். கமலா குடையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பெங்களூர்க்காரர் மட்டும் காபியை உறிஞ்சியபடி நிதானமாகச் சொன்னார்: "பையங்க எல்லாம் லட்சணமா இருக்காங்க. சேலையும் இருந்தா காட்டுங்க."

முதலில் எழுந்தவர்

என்னைக் கூப்பிட்டார்கள். ஈரக் கையோடு ஓடினேன். ஒயர் சரி. 'மேலே'க்குக் கொடுத்திருந்த பத்தைத் தட்டினேன், பதில் சொன்னது. குறுக்குவழியும் சரி, நம்பரும் சரி, உள்ளே இருக்கிற ஆள்தான் வேறு. மாடிக்குப் போனேன். யூசுப் பாய், "காலையிலேர்ந்து கீழேர்ந்து ஒருத்தரும் நம்ம பக்கம் வர்ல மேடம்" என்றார். அவர் பெட்டியின் நம்பரைப் பார்த்தேன். பதினொன்று.

நம்பரைக் கொடுப்பது கல்லாவுக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்னப் பெட்டி. பந்தியில் முதலில் வந்தவருக்கு முதல் இலை என்பதுபோல, முதலில் எழுந்த கம்ப்யூட்டருக்குப் பத்து, அடுத்ததற்குப் பதினொன்று. அப்படியானால் இத்தனை மாதம் ஏன் மாறவில்லை? கமலாவைக் கேட்டேன். "தெனம் மேல போய்த்தான்க்கா மொதல்ல போடுவேன். பாயோடது எழுந்திருக்க நேரமாவும். அது எழுந்தப்புறம் பெரியவரோடது, கடைசியா என்னுது." பூஜைக்கு மறுநாள் யார் போட்டது? பெரியவர் தொண்டையைச் செருமினார். கற்பூரம் காட்டிவிட்டுத் தன் பெட்டியை அவரே முதலில் போட்டாராம். மாமனார் பெயர் கொண்ட பெட்டி. மூத்தது முதலில் என்று. பத்து அதற்குப் போய்விட்டது.

ஆக, நாங்கள் நெட்வொர்க் என்று நினைத்துக்கொண்டிருந்தது பூரா, கமலா தினம் காலையில் ஏறிய மாடிப்படிதான். அவள் பழக்கம் பிசகாமல் இருந்தவரை எல்லா நம்பரும் சரியான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இதை நான் பெங்களூர்க்காரர் காதில் விழும்படியே சொன்னேன். மெதுவாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. பிறகு உட்கார்ந்து, யார் முன்னே எழுந்தாலும் மாறாதபடி அந்தந்தப் பெட்டிக்கு அதன் நம்பரை நிரந்தரமாக எழுதிவைத்தேன். 'மேலே' திறந்தது. மயில் வந்தது, அன்னம் வந்தது, ருத்திராட்சக் கட்டம் வந்தது. வியாபாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னால் நகர்ந்தார்.

கமலா இன்னமும் குடையைப் பிடித்தபடி நின்றாள். மன்னிப்புக் கேட்பது எங்கள் வீட்டு ஆண்களின் ஜாதகத்தில் இல்லை. பெரியவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கமலா, நாளைக்கு ஜல்தியா வந்துடு, இவரு மறுபடி வர்றாராம். அந்தப் பையனுங்க போட்டோவ மட்டும் எங்கனா உள்ள வச்சிப் பூட்டு."

கடையில் நெட்வொர்க் பார்க்கிற பெண்ணுக்கு இருக்கிற ஒரே சௌகரியம், வீடு திரும்பி அடுப்பைப் பற்றவைக்கும்போது 'ஒருதரம் அணைச்சிட்டு மறுபடி போட்டுப் பாரேன்' என்று யாரும் பின்னால் நின்று யோசனை சொல்வதில்லை என்பதுதான்.