கம்பைலர் தூக்கிப்போட்ட மூன்று விநாடி

பூந்தமல்லியில் ரோஸ் சிரப் போடும் கரீம் பாயின் பட்டறை. நான் செய்துகொண்டுபோன கன்ட்ரோல் போர்டை பாட்டில் நிரப்பும் மெஷினில் மாட்டி, சுவிட்சைப் போட்டேன். திரையில் 'நிரம்புகிறது' என்று எழுத்து வந்தது. வால்வு 'டக்' என்றது. அவ்வளவுதான். பாட்டிலுக்குள் எட்டிப் பார்த்தோம். அடியில் நாலு சொட்டு.

"இன்னா நைனா," என்றார் பாய். "பாட்டில ரொப்பச் சொன்னா, கல்யாண வாசல்ல பன்னீர் தெளிக்கிற மாரி தெளிக்குது?"

அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறு ஒரு கல்யாணத்துக்கு அவர் ஐந்நூறு பாட்டில் கொடுத்தாக வேண்டும். சாயங்காலத்துக்குள் மெஷின் ஓடாவிட்டால் பழையபடி சொம்பும் புனலுமாக உட்கார்ந்துவிடுவேன், போர்டை நீயே எடுத்துக்கினு போ என்று சொல்லிவிட்டார்.

1. வீராப்பு

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் சின்ன கம்பெனியில் அசெம்ப்ளி மொழிக்கு நான்தான் மன்னன். பட்டம் சூட்டியதும் நான்தான். அசெம்ப்ளர் நல்ல பிள்ளை. நாம் எழுதும் ஒவ்வொரு வரியையும் அப்படியே சிப்புக்குப் புரியும் எண்ணாக மாற்றும்; எதிர்க்கேள்வி கிடையாது. பாட்டில் நிரம்ப மூன்று விநாடி காத்திருக்க வேண்டுமா? பெரிய எண் ஒன்றைக் கொடுத்து, பூஜ்யம் வரும்வரை ஒவ்வொன்றாகக் குறை என்று ஒரு லூப் எழுதுவேன். சிப்பும் முகம் சுளிக்காமல் எண்ணும்.

பிறகு அந்தப் பழைய சிப் மார்க்கெட்டில் கிடைக்காமல் போனது. புது சிப்புக்கு என் அசெம்ப்ளி ஒரு வரிகூட உதவாது. "இனிமே சி-ல எழுதுங்க. சிப் மாறினாலும் கம்பைலர் பாத்துக்கும்" என்றார் எங்கள் மேடம். சி மொழியில் எழுதுவதை அந்தந்த சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள்தான் கம்பைலர்.

எழுதினேன். பழைய எண்ணும் லூப்பையும் அப்படியே சி-க்குக் கொண்டுவந்தேன். ஆபீஸில் ஒழுங்காக ஓடியது. ஆனால் புரோகிராமின் அளவு என் பழைய அசெம்ப்ளியைவிடப் பெரிது. மன்னனுக்கு இது மானப் பிரச்சினை. கம்பைலரில் ஆப்டிமைசேஷன் என்று ஒரு செட்டிங் உண்டு. அதைப் போட்டால் புரோகிராமைச் சுருக்கித் தரும். போட்டேன், சுருங்கியது. குஷியில் மறுபடி டெஸ்ட் செய்யாமலே பஸ் ஏறிவிட்டேன்.

2. லிஸ்டிங்

பட்டறையிலிருந்து எங்கள் ஆபீஸில் சி எழுதும் நஸ்ரினுக்கு போன் போட்டேன்.

"கம்பைலர்ல கோளாறும்மா. நான் அப்பவே சொன்னேன்ல."

"இருக்கலாம் சார். லிஸ்டிங்கைத் திறந்து பாருங்க. அசெம்ப்ளிதானே, உங்களுக்குப் பேப்பர் படிக்கிற மாதிரி."

நாம் எழுதிய சி-யை கம்பைலர் என்ன அசெம்ப்ளியாக மாற்றியது என்று காட்டும் ஃபைல்தான் லிஸ்டிங். லேப்டாப்பில் திறந்தேன். வால்வைத் திற. திரையில் எழுது. வால்வை மூடு. நடுவில் இருந்த என் லூப்பையே காணோம்.

"மூணு விநாடி டிலே லூப் இல்லம்மா."

"அந்த லூப்புக்குள்ள என்ன வேலை சார் நடக்குது?"

"ஒண்ணுமில்ல. சும்மா எண்ணிக்கிட்டிருக்கும்."

"அதான் சார். சும்மா இருக்கிறவங்களை அது ஊட்டுக்கு அனுப்பிடும்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பாய் தலையாட்டினார். "உன்னை நல்லாத்தான் புரிஞ்சி வெச்சிகீது நைனா."

மொத்தத்தையும் அசெம்ப்ளியில் எழுதிவிடலாமா என்று கை பரபரத்தது. நஸ்ரினுக்கு அதுவும் தெரிந்துவிட்டது. "வேணாம் சார். சிப்புலயே டைமர் இருக்கு. நேரம் பாக்கிறதுதான் அதோட வேலை."

டைமரில் மூன்று விநாடி வைத்து, செட்டிங்கை மாற்றாமல் அப்படியே போர்டில் ஏற்றினேன். 'டக்'. மூன்று விநாடி. 'டக்'. கழுத்துவரை சிவப்பு. பாய் அடுத்த பாட்டிலை வைத்தார். அதற்கடுத்ததையும்.

3. நாலு சொட்டு

அசெம்ப்ளர் நீங்கள் எழுதியதை வரிக்கு வரி அப்படியே மாற்றும். கம்பைலர் நீங்கள் எழுதியதால் வெளியே என்ன நடக்கும் என்று பார்த்து, அதற்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளும். அதனால் சி-யில் எழுதுங்கள். அசெம்ப்ளியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். செட்டிங்கை மாற்றினால் டெஸ்ட் செய்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

கிளம்பும்போது பாய் காகிதத்தில் சுற்றி ஒரு பாட்டில் கொடுத்தார். கல்யாண சிரப் என்று ஆசையாக வாங்கி, பஸ்ஸில் பிரித்தேன். அதே நாலு சொட்டு. மூடி போட்டு லேபிளும் ஒட்டியிருந்தார்.

இன்றும் அது என் மேஜையில்தான் இருக்கிறது. டெஸ்ட் செய்யாமல் யாராவது பையைத் தூக்கினால், பேசாமல் அந்த பாட்டிலைத் தூக்கிக் காட்டுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். பெரும்பாலும் நஸ்ரின்தான் காட்டுகிறாள், எனக்கு.