சத்தம் போடாத சைக்கிள்

என் வீட்டுக்காரருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த டாக்டர், இனிமேல் தறியில் உட்கார வேண்டாம், தினமும் காலையில் கொஞ்சம் சைக்கிள் ஓட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார். நல்ல மனிதர். மாத்திரையைப் பற்றிச் சொன்னார், உப்பைப் பற்றிச் சொன்னார், எண்ணெயைக் குறைக்கச் சொன்னார். கிரீஸைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் அப்பாவுக்கென்று கியர் வைத்த சைக்கிள் ஒன்றை ஆன்லைனில் வாங்கி அனுப்பினாள். கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று வந்து இறங்கியது. வெயிலில் நிறுத்தினால் பெயின்ட் போய்விடுமாம், வாசலில் விட்டால் எவனாவது தூக்கிப் போய்விடுவானாம். அதனால் முன்கூடத்தில் என் தறிக்குப் பக்கத்திலேயே அதற்கு இடம். அந்த இடத்தில் முன்பு அவருடைய தறி இருந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு தறிகள் ஓடிய காலத்தில், யார் என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. எல்லாம் காதுதான். ஆரணியில் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் அப்படித்தான். தறி ஓடினால் ஆள் நன்றாயிருக்கிறார். நின்றால் நூல் அறுந்திருக்கும், முடிச்சுப் போட்டதும் மறுபடி ஓடும். அவருக்கு நெஞ்சுவலி வந்த அன்றைக்குக் காலையில் நான் அடுப்படியில் இருந்தேன். அவர் தறி நின்றது. மறுபடி ஓடவில்லை. போய்ப் பார்த்தால் மனிதர் தறியில் நீட்டிக் கட்டிய பாவு நூலின்மேல் கவிழ்ந்து கிடந்தார், சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஒரு முனகல்கூட இல்லை. வலித்தால் கத்தமாட்டாரா ஒரு மனிதர்? இவர் கத்தமாட்டார். பிறந்ததிலிருந்தே அப்படி என்று மாமியார் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

சைக்கிள் வந்த கொஞ்ச நாளிலேயே சத்தம் போட ஆரம்பித்தது. வலது மிதி கீழே இறங்கும்போதெல்லாம் ஒரு 'க்ரீச்'. போகும்போது தெருமுனை வரைக்கும் கேட்கும், வரும்போது பிள்ளையார் கோவில் திரும்பும்போதே கேட்க ஆரம்பிக்கும். பெரிய ஊர்வலம் வருகிறது என்று எதிர்வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். என் வீட்டுக்காரருக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. மாத்திரை போட மறந்துபோகிறவர், கிரீஸ் பற்றி யூடியூபில் வரும் வீடியோ ஒன்றைக்கூட விடவில்லை.

முதலில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்து மஞ்சள் கிரீஸ் வந்தது. அது லாரிக்குப் போடுவது என்று யாரோ சொல்ல, வெள்ளை கிரீஸ் வந்தது. வெள்ளை மழையில் கரைந்துபோகும் என்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு நீலத்தில் ஒன்று. அதற்கப்புறம் செம்புப் பொடி கலந்தது, கூரியரில், தங்க நகை வருவதுபோல் டப்பாவுக்குள் டப்பாவாக. என் புடவைக்கு நிறம் தேர்ந்தெடுக்கக்கூட அவர் இவ்வளவு யோசித்ததில்லை. பாசிப்பச்சையா கிளிப்பச்சையா என்று கேட்டால் எதையாவது போடு என்பவர், கிரீஸை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பட்டு இருக்கும் வீட்டில் கிரீஸை உள்ளே விடமுடியுமா? தறிக்கே நாங்கள் எண்ணெய் காட்டமாட்டோம். ஏதாவது கிறீச்சிட்டால் மெழுகுவத்தித் துண்டைத் தேய்ப்போம், அவ்வளவுதான். ஒரு விரல் பட்டால் போதும், ஒரு கல்யாணப் புடவை நாசம். அதனால் கிரீஸ் கையோடு நிலைப்படி தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டேன். பாவம், மனிதர் பின்கட்டில் நின்றபடி, டம்ளரைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பிடித்துக் காபி குடித்தார். பாவம் என்று இப்போது சொல்கிறேன். அப்போது எரிச்சல்தான் வந்தது.

தெரு சும்மா இருக்குமா? ஆளாளுக்கு வந்து காது கொடுத்துக் கேட்டார்கள். சத்தத்தை வைத்துத் தறியில் எந்த ஆணி தளர்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடிய காதுகள் அவை. அத்தனை காதும் ஒரே தீர்ப்புத்தான் சொன்னது: மிதியில்தான் கோளாறு. ஏனென்றால் நெசவுக்காரர்களுக்குச் சத்தம் என்றால் காலுக்கு அடியிலிருந்துதான் வரும். தறிக் குழிக்குள் கால் மிதிக்கும் கட்டைதான் முனகும், அங்கேதான் கயிறு தேயும். நாங்கள் உட்காரும் பலகை என்றைக்குமே வாய் திறந்ததில்லை. அது சுவரோடு பதிந்து கிடக்கும். ஆக, காலைத் தவிர வேறு எங்கும் யாருக்கும் சந்தேகம் போகவில்லை, எனக்கும்தான்.

மிதியைக் கழற்றி மஞ்சள் தடவினார். க்ரீச். இரண்டு மிதிக்கும் நடுவில் இருக்கும் உருளையைக் கழற்ற ஒரு சாவி வாங்கி, கழற்றி, நீலம் தடவினார். க்ரீச். எதிர்வீட்டுக்காரர் தன் பங்குக்கு ஒரு மெழுகுவத்தித் துண்டைக் கொண்டுவந்து தேய்த்துவிட்டுப் போனார். அதற்கும் க்ரீச்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்து சைக்கிள் கடைக்காரர், கியர் சைக்கிள் என்றால் அப்படித்தான் இருக்கும், பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். எனக்குப் பிடித்த பதில் அது ஒன்றுதான்.

அப்புறம் ஒரு நாள் காலையில் அவர் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார். நான் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தேன்.

"இந்தா, கேளு. ஆத்துப்பாலம் மேட்டுல எழுந்து நின்னுகினு மிதிச்சேன். சத்தமே வர்ல. உக்காந்தா வருது. கோளாறு மிதியில இல்ல, சீட்டுல கீது!"

தான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று விளக்கிக்கொண்டே போனார். என் காதில் ஒன்றுதான் விழுந்தது. எழுந்து நின்று மிதித்தாராம். மேட்டில். ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு. திட்ட வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, காபி ஆறிவிடும் என்று மட்டும் சொன்னேன்.

சீட்டைத் தாங்கும் தண்டை உருவி எடுத்தார். உள்ளே மண், துரு, சைக்கிள் கம்பெனிக்காரன் கிரீஸ் வைக்க மறந்த வறட்சி. துடைத்து, மெல்லிசாகத் தடவி, கவ்வியிருக்கும் வளையத்தை இறுக்கினார். எந்த கிரீஸ் என்கிறீர்களா? அந்த முதல் மஞ்சள்தான். லாரிக்குப் போடுவது. கூரியரில் வந்த செம்பு டப்பா இன்னும் பரணில் தூங்குகிறது.

மறுநாள் காலையில் சைக்கிள் பூனை மாதிரி போனது. தெருவே பாராட்டியது. நான் தறியில் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. நாடாவை ஒரு தரம் தள்ளுவேன், நிறுத்திக் காது கொடுப்பேன். தெருவில் ஸ்கூட்டர் போகும், தண்ணீர் வண்டி போகும், வேறு ஒன்றும் கேட்காது. இத்தனை நாளும் அந்தச் சனியன் சத்தத்தை நம்பித்தான் நான் நெய்துகொண்டிருந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கோவில் திரும்பும்போது க்ரீச் என்றால், ஆள் வந்துவிட்டார், அடுப்பில் பாலை வைக்கலாம்.

போனை எடுத்துப் போங்கள் என்றேன். பாக்கெட்டில் கனக்கிறது என்று சார்ஜில் போட்டுவிட்டுப் போனார். தெருமுனையில் திரும்பும்போது பெல்லாவது அடியுங்கள் என்றேன். "நா இன்னா பால்காரனா?" என்று கேட்டார். ஏன் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அவருக்கும் பயம் வந்துவிடாதா?

ஒரு நாள் வெயில் ஏறிவிட்டது, ஆளைக் காணோம். தறியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். சேலைத் தலைப்பில் பட்டு இழை ஒட்டியபடியே, செருப்புகூடப் போடாமல், ஆற்றுப்பாலம் வரைக்கும் போனேன். வழியில் எங்கே கூட்டம் நின்றாலும் விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். ஒரு கூட்டம் கீரைக்காரியைச் சுற்றி, இன்னொன்று டீக்கடையில். பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் கீழேயும் எட்டிப் பார்த்தேன். ஆற்றில் தண்ணீர்கூட இல்லை, இவர் எங்கே இருக்கப்போகிறார்.

திரும்பி வந்தால், பின்கட்டில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருக்கிறார். நான் தறியில் இருந்தபோதே பின்சந்து வழியாக வந்துவிட்டாராம். என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றாம். எங்கே போயிருந்தாய் என்றார். கறிவேப்பிலை வாங்க என்றேன். என் வெறுங்கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். மறுபடி சக்கரத்தைக் கழுவ ஆரம்பித்தார்.

அன்று மதியம் அவர் தூங்கும்போது, அவர் சீட்டுத் தண்டை இறுக்கிய ஆறுமூலைச் சாவியை எடுத்து அந்த வளையத்தைத் தளர்த்தினேன். தண்டை மேலே இழுத்து, தறியில் மிஞ்சிய ஒட்டுநூலால் மஞ்சள் கிரீஸை ஒரு பொட்டு விடாமல் துடைத்தேன். கிரீஸ் கையோடு நிலைப்படி தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டவள் கூடத்து நடுவில் உட்கார்ந்து துடைத்தேன். வாசலில் இருந்து ஒரு பிடி மணலைத் தூவித் திருப்பி நுழைத்தேன். இறுக்கும்போது கொஞ்சம் கஞ்சத்தனம் செய்தேன்.

மறுநாள் க்ரீச். போகும்போதும் க்ரீச், வரும்போதும் க்ரீச். பாலை அடுப்பில் வைத்தேன். இனி பஞ்சாயத்தைக் கூட்டுவார், செம்பு டப்பாவுக்குக் கடைசியில் விடிவு வந்தது என்று காத்திருந்தேன். மனிதர் டப்பா பக்கமே போகவில்லை. எதிர்வீட்டுக்காரர்தான், அண்ணா, மறுபடி ஊர்வலமா என்றார். கியர் சைக்கிள் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று கடைக்காரர் சொன்னதையே இவர் திருப்பிச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு இழை எண்ணினேன். ஒரு வாரம் இப்படிப் போனது. சைக்கிளும் நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டே போனதுபோல் இருந்தது, முழங்கால் காதைத் தொடுகிற மாதிரி மிதித்துக்கொண்டு வந்தார்.

ஒரு காலையில் வந்து சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஆறுமூலைச் சாவியைக் கொண்டுவந்து என் தறிப் பலகையில், நான் கத்தரி வைக்கும் இடத்தில் வைத்தார்.

"அந்த வளையத்த அவ்ளோ லூஸ் பண்ணாத. சீட்டு எறங்கிகினே போகுது, முட்டி வலிக்குது. கால் சுத்து போதும். சத்தம் வரும்."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். கை சுத்தமாகத்தான் இருந்தது. நான் தறியை நிறுத்தாமல், சரிங்க என்றேன்.