பின்னால் வந்த பதினொரு வண்டிகள்

என் அக்கா டெலியாவின் பின்னால் இருபது வருஷமாக ஜனங்கள் போயிருக்கிறார்கள். அவள் பெரிய தலைவி ஒன்றும் இல்லை. எங்கள் கலிபோர்னியாக் கடலோர நெடுஞ்சாலையில் மலை சரிந்து பாதை பாதியாகும் இடங்களில், காத்து நிற்கும் வண்டிகளை அந்தப் பக்கம் கொண்டுபோய் விடும் வழிகாட்டி வண்டியை ஓட்டுவது அவள் வேலை. இரண்டு மைல் போவாள். அங்கே நிற்பவர்களைக் கூட்டிக்கொண்டு திரும்புவாள். ஒரு நாளைக்கு இருபது தடவை. கிளம்பும்போது வண்டிகளை எண்ணுவாள், போய்ச் சேர்ந்ததும் மறுபடி எண்ணுவாள். வீட்டிலும் அதே புத்திதான். பண்டிகைச் சாப்பாட்டில் தலைகளை எண்ணி முடிக்காமல் வான்கோழியில் கத்தி வைக்க விடமாட்டாள். "எல்லாரும் இங்கதான இருக்கோம், எவன் எந்திரிச்சு ஓடிட்டான்?" என்று நான் கத்தாத வருஷம் இல்லை.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், மழை விட்ட ஒரு மதியம், சோப்புப்பாறை வளைவில் பதினான்கு வண்டிகளைக் கூட்டிப்போனாள். அந்தப் பக்கம் போய் எண்ணினால் பதின்மூன்று. கடைசி வண்டியின் மேல் மலை இறங்கியிருந்தது. முக்கால் மணி நேரம் தோண்டினார்கள். உள்ளே இருந்த கணவனும் மனைவியும் உயிரோடு வெளியே வந்தார்கள். கணவனுக்குத் தோள் எலும்பு முறிந்ததோடு போயிற்று. அக்காவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அம்மாள் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கூட அனுப்பினாள். ஆனால் அக்கா தன் வண்டியைக் கொட்டகைக்குள் விட்டவள்தான், அதற்கப்புறம் அதைத் தொடவில்லை. சாலையில் நில், போ என்று பலகை பிடிக்கும் வேலைக்கு மாறிக்கொண்டாள்.

அவள் மகள் கோரா சோப்புப்பாறைக்குத் தெற்கே ஒரு முகாமில் சமையல்காரி. எங்கள் வீட்டிலிருந்து நாற்பது மைல்தான். சரிந்த பாதையைப் போன வசந்தத்தில் திறந்துவிட்டார்கள். ஆனாலும் அக்கா மலைக்கு உள்பக்கமாக ஐந்து மணி நேரம் சுற்றித்தான் மகளைப் பார்க்கப் போவாள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்தக் கோராவுக்கு ஜூன் மாதம் சனிக்கிழமை நண்பகலில் கல்யாணம். பாதிரியாருக்கு இரண்டு மணிக்கு வேறு ஊரில் இன்னொரு கல்யாணம் இருந்தது. அவர் காத்திருக்க மாட்டார். அக்காவின் கணவர் வெர்னன் கடலோரமாக ஓட்டுவது, அக்கா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து வருவது என்று ஏற்பாடு. மேசைகளும் இறைச்சிப் பெட்டியும் ஏற வேண்டும் என்பதால் கொட்டகையில் கிடந்த அக்காவின் பழைய வண்டியையே எடுத்தோம். காலை எட்டு மணிக்குக் கடைசி மேசையை ஏற்றும்போது வெர்னன் அதைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார். பார்க்கப் பார்க்கப் பாதம் பன் மாதிரி உப்பியது.

"பிரேக்க மிதிக்க முடியுமா?" என்று கேட்டாள் அக்கா.

"பிரேக்கா? செருப்பே போட முடியல."

"அப்ப ஐரிஸ் ஓட்டட்டும்."

"நானா? எனக்கு கியர் வண்டி வராதுன்னு ஊருக்கே தெரியும்," என்றேன். என் கார் பட்டறையில் கிடந்தது.

"சரி, சுத்திப் போவோம். நான் ஓட்டுறேன்."

"சுத்திப் போனா பாத்திரம் கழுவத்தான் போய்ச் சேருவோம். பெத்தவ இல்லாம உன் பொண்ணு கல்யாணம் நடக்கும். அதுதான் உனக்கு வேணுமா?"

கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

நான் நடுவில், மடியில் கேக், முழங்காலுக்கு நடுவே கியர்க் கம்பி. வலது பக்கம் வெர்னன், அவருக்கு அப்பால் கடல். பனி விலகி வெயில் அடிக்க, தண்ணீர் பச்சையும் நீலமுமாகக் கிடந்தது. அக்கா எதையும் பார்க்கவில்லை. வழிகாட்டி வண்டிக்குரிய அதே ஆமை வேகத்தில் ஊர்ந்தாள்.

பின்னால் வண்டிகள் சேர ஆரம்பித்தன. ஐந்து சேர்ந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது எங்கள் சட்டம். அக்கா ஓரத் திடலில் ஒதுங்கினாள். ஐந்தும் அவள் பின்னாலேயே ஒதுங்கி வரிசையாக நின்றன. கையை நீட்டி, போங்கள் என்று காட்டினாள். அவர்களும் சிரித்துக்கொண்டே கையாட்டினார்கள்.

"இவங்களுக்கு என்ன கேடு?" என்றேன். "உல்லாசப் பயணிங்கன்னா மூளைய வீட்டுல வச்சுட்டா வருவாங்க?"

வெர்னன் சன்னலுக்கு வெளியே ஏதோ கடல்நாயைத் தேடிக்கொண்டிருந்தார். அடுத்த திடலில் ஒதுங்கியபோது எட்டு. அங்கேயும் அதே கதை.

சோப்புப்பாறைக்கு முன்னால் இருக்கும் கடைசித் திடலில் அக்கா வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்தாள். வளைவுக்கு மேலே மலை புதுக் கம்பிவலை போர்த்தி நின்றது.

"என்னால முடியாது," என்றாள். "கோராகிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியாது."

மணி பத்தரை. வெர்னன் அவள் தோளில் கை வைத்தார்.

அப்போது பின்னால் நின்ற வண்டியிலிருந்து ஒருவர் சன்னல் பக்கம் வந்து தொப்பியைக் கழற்றினார். நெப்ராஸ்காவில் சோளம் போடுகிறவராம்; கழுத்தெல்லாம் வெயிலில் வெந்திருந்தது.

"அவசரமில்லம்மா, சும்மா கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தேன். எப்பக் கூட்டிட்டுப் போவீங்க? என் வீட்டுக்காரிக்கு இந்தப் பள்ளத்தப் பாத்தா உயிரே போயிடுது. காலையில திரும்பிடலாம்னு அழுதா. உங்க வண்டியப் பாத்தப்புறந்தான், சரி, வழி தெரிஞ்சவங்க முன்னால போறாங்கன்னு வர்றா."

அக்கா இறங்கிப் பின்பக்கம் போனாள். நானும் கேக்கை வெர்னன் மடியில் தள்ளிவிட்டு இறங்கினேன். பின்கதவில், இரண்டு வருஷத் தூசியோடு, வழிகாட்டி வண்டிக்கு மாட்டும் மஞ்சள் பலகை அப்படியே மாட்டியிருந்தது: 'என் பின்னால் வாருங்கள்.' அதன் பின்னால், சொன்ன பேச்சுக் கேட்டு நின்றன வண்டிகள்.

"நீங்கதான மேசையெல்லாம் ஏத்துனீங்க?" என்று வெர்னனிடம் பாய்ந்தேன். "இது கண்ணுல படலையா?"

"பட்டுச்சு," என்றார் சன்னல் வழியாக. "ரெண்டு வருஷமா பட்டுக்கிட்டுத்தான் இருக்கு. அவ மாட்டுனத அவதான் கழட்டணும். நான் யாரு?"

அக்கா பலகையின் கொக்கியில் கை வைத்தாள். கழற்றிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். கடைசி வண்டிவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு கொக்கியை விட்டுவிட்டு, கைக்குட்டையால் பலகையின் தூசியைத் துடைத்தாள். வரிசையோரமாக நடந்து ஒவ்வொரு வண்டியாகத் தொட்டு எண்ணினாள். நெப்ராஸ்காக்காரரின் மனைவியிடம் குனிந்து, "என் வண்டியோட பின்பக்கத்த மட்டும் பாருங்க. கடல நான் பாத்துக்கறேன்," என்றாள். பழைய குரல். நான் அதைக் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் கண் கலங்கிவிட்டது.

"நடுவுல எடம் விட்டு வாங்க!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "நான் நின்னாத்தான் நிக்கணும். நின்னு போட்டோ எடுத்தா உதைப்பேன்!"

வளைவில் அக்காவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பார்வை சாலைக்கும் கண்ணாடிக்குமாக ஓடியது. தாண்டி முடித்த இடத்தில் சிலுவை போட்டுக்கொண்டேன். நான் கோயிலுக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது.

பின்னால் வந்தவர்களை அனுப்பிவிட அக்கா அங்கே நிற்கவில்லை. அவசரத்தில் அவளும் மறந்தாள், நாங்களும் மறந்தோம். பதினொன்றரைக்கு முகாமின் புல்வெளிக்குள் திரும்பினோம். வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி, அழகாக வரிசை கட்டி நின்றன. அரைக்கால் சட்டையும் கேமராவுமாக ஜனங்கள் இறங்கினார்கள். அங்கே கல்யாணத்துக்கென்று முப்பது நாற்காலிதான் போட்டிருந்தது.

"நான் வாங்குன இறைச்சி பத்தாது," என்று முனகினார் வெர்னன்.

கோரா வெள்ளை உடையைத் தூக்கிப் பிடித்தபடி, ரப்பர் பூட்ஸ் காலோடு ஓடி வந்தாள். தாயை ஓட்டுநர் பக்கத்தில் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"அம்மா, நீயா ஓட்டிட்டு வந்த? இந்த வழியாவா?" பிறகு எட்டிப் பார்த்து, "இவங்கள்லாம் யாரும்மா?" என்றாள்.

அக்கா வண்டியின் படியில் ஏறி நின்று, விரலை நீட்டிக் கடைசிவரை எண்ணினாள். பிறகு இறங்கி மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"பதினொண்ணு கெளம்பிச்சுடி," என்றாள். "பதினொண்ணும் வந்து சேந்துருச்சு."