பலகை போட்ட பாலம்

தெல்தோட்டைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு ஏறும் பாதையில், மழைநீர் ஓடும் கானின் மேலிருந்த சின்னப் பாலம் போன வருடம் தீபாவளிக்கு முந்திய செவ்வாய்க்கிழமை மழையில் இடிந்தது. அன்றிலிருந்து ஆட்டோ மேலே வருவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா தான் பயிரிட்ட போஞ்சிக்காயை மூட்டையாகத் தலையில் சுமந்து, கானில் இறங்கி ஏறித்தான் ஞாயிறு சந்தைக்குப் போகிறார். அங்கே அவர் சாக்கை விரித்து உட்காருவதற்குள் பிரதேச சபை ஊழியர் வாடகைத் துண்டைக் கிழித்து நீட்டிவிடுவார். வாங்குவதற்குச் சபைக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. செலவழிக்கத்தான் தேவை.

கார்த்திகையில் சபை உறுப்பினரைப் பிடித்தோம்.

"காசு எங்களோடதுதான்க்கா. ஆனா மாகாணத்துலயிருந்து ஆள் வந்து பாத்து, சரின்னு சொன்னாத்தான் தொடலாம்" என்றார்.

"அப்ப என்கிட்ட வாங்கறப்பவும் அவரக் கேட்டுட்டு வாங்குங்களேன் தம்பி" என்றார் அக்கா.

அந்த வருடம் சபை தன் சொந்த அதிகாரத்தில் செய்து முடித்தது சந்தை வாசல் வளைவு ஒன்றைத்தான். ஊர் செழித்தால் எல்லோரும் செழிப்போம் என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. நல்ல வர்ணம். எந்த மழைக்கும் அசையவில்லை.

மாகாணத்து அதிகாரி வந்தது தைப்பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை. சேதி முதல் நாளே தெரிந்துவிட்டதால் எங்கள் தோட்டத்துக் கோயில் தலைவருக்குத் தூக்கம் போயிற்று. "அவ்வளவு பெரிய ஆளு கான்ல எறங்கி நடக்கிறதா? தோட்டத்துக்கே அசிங்கம்." தேர்ச் சக்கரத்துக்கு அடியில் போடும் பலகைகளைக் கோயிலிலிருந்து தூக்கி வந்து, கானின் மேல் அடுக்கி, மண் கொட்டி, அதன்மேல் கோலமும் போட்டாயிற்று. இருபுறமும் வாழைமரம்.

ஜீப் ஒரு குலுக்கல் இல்லாமல் மேலே வந்தது. மாலை போட்டோம். வடை கொடுத்தோம்.

"சார், அந்தப் பலகையக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க" என்று அக்கா தொடங்கினார்.

"மொதல்ல சார் டீ குடிக்கட்டும்மா" என்றார் தலைவர்.

டீ முடிந்ததும் அதிகாரி வடையைப் பாராட்டிவிட்டுக் கிளம்பினார். மறுநாள் பலகைகள் கோயிலுக்குத் திரும்பின.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உறுப்பினர் பதிலோடு கானின் அந்தப் பக்கம் வந்து நின்றார். "வாகனம் போற பாதைதானே, அவசரமில்லன்னு சொல்லிட்டாங்க. இந்த வருசம் இல்ல."

சந்தைக்குக் கிளம்பியிருந்த அக்கா, கூட நின்ற தலைவர் பக்கம் திரும்பினார். "அடுத்த தடவ யாரு வந்தாலும் பலகை போடாதீங்க. எறங்கியே வரட்டும்."

தலைவருக்கு உண்மையாகவே மனம் நொந்துவிட்டது. "நம்மளத் தேடி வர்றவங்கள சாக்கடையில எறங்க விடுறதா? என்ன பேச்சும்மா இது."

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூட்டையோடு கானில் இறங்கினார்.