மூடியில் மிஞ்சிய கொக்கி வாஷர்

மின்சார சைக்கிளின் பின்சக்கரம், நடுவில் இருக்கும் மோட்டாரோடு சேர்த்து ஏழு கிலோ. மேம்பாலத்துக்கு அடியில் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கின் வலது தோள் சற்று இறங்கியிருப்பதற்கு அந்த ஏழு கிலோதான் காரணம். டயர் தேய்ந்துபோன டெலிவரிக்காரர்கள் நேரே அவரிடம்தான் வருவார்கள். மற்ற கடைகளில், "மோட்டார் சக்கரமா? ஆளை விடுப்பா" என்று கையை விரித்துவிடுவார்கள்.

பாதி வேலை அவருடைய மனைவியுடையது. இருவரும் சக்கரத்துக்கு எதிரெதிரே குந்தியிருப்பார்கள். பேட்டரியைக் கழற்றுவதும், வயரைப் பிரிப்பதும், நட்டைத் தளர்த்துவதும் அவர் பாடு. கழன்று வருவதையெல்லாம் ஒரு பிஸ்கட் டின் மூடியில் வாங்கி வைப்பதும், மாட்டும்போது தன் பக்கத்து நட்டை இறுக்குவதும் மனைவி பாடு. புது டயர் போட்டுத் திரும்ப மாட்டும்போது மெக்கானிக் சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். "கொக்கி" என்று கையை நீட்டுவார். உள்ளங்கையில் கொக்கி வாஷர் வந்து விழும். "நட்டு" என்பார், நட்டு வரும். இத்தனை வருடத்தில் மூடிக்குள் அவர் எட்டிப் பார்த்ததே இல்லை.

கொக்கி வாஷர் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் கொக்கி சைக்கிள் சட்டத்தில் மாட்டிக்கொண்டு அச்சைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதை விட்டுவிட்டு நட்டை எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை. ஏற்றத்தில் மோட்டார் முழு பலத்தோடு இழுக்கும்போது அச்சும் சேர்ந்து திரும்பும். அச்சு வழியாக வரும் வயர் முறுக்கிக்கொண்டு அறும். சக்கரம் இடம்விட்டு நழுவி இறுகிப்போகும்.

அந்த வாரம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மனைவியின் தம்பி வந்து தங்கியிருந்தபோது, "உன் தம்பி உக்காந்து உக்காந்து நம்ம நாற்காலிதான் இளைச்சுப் போச்சு" என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். அது தம்பி காதிலும் விழுந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மகள் வந்து நின்றாள். கூரியர் வேலை அவளுக்கு. பின் டயர் வழவழவென்று தேய்ந்திருந்தது.

"அப்பா, சீக்கிரம் மாத்திக் குடுங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்சல் குடுக்கணும்."

"உங்கம்மாவ மூடி எடுத்துட்டு வரச் சொல்லு."

"கேட்டுச்சு, கேட்டுச்சு. எனக்குக் காது நல்லாத்தான் இருக்குன்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

"ஏம்மா, வெளியதான் கூரியர் வேலை பாக்குறேன். இங்கயுமா?"

சக்கரம் கழன்றது. டயர் மாறியது. மாட்டும் நேரம் வந்ததும் மெக்கானிக்கின் கை பழக்கத்தில் பாதி நீண்டது. "கொக்கி" என்று கேட்காமலே கையை இழுத்துக்கொண்டார். மனைவி மூடியைத் தரையில் வைத்துவிட்டு, தன் பக்கத்து நட்டை இறுக்கி முடித்து, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் மூடியில் துழாவி, விரலில் தட்டுப்பட்ட வாஷரை எடுத்துப் போட்டு நட்டை முறுக்கினார். கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். ஆடவில்லை.

"ஹெல்மெட் வார நல்லா மாட்டுடி," என்றார் அம்மா.

"மாட்டியாச்சு. சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பேரும் ராசியாயிடுங்க, என்னால தூது போக முடியாது."

அவள் பாலத்து ஏற்றத்தை நோக்கித் திரும்பினாள்.

மனைவி மூடியைத் துடைக்க எடுத்தார். உள்ளே ஒரு வாஷர் மிஞ்சியிருந்தது. திருப்பிப் பார்த்தார். கொக்கி இருந்தது.

"என்னங்க." அந்த வாரத்தில் அவர் கணவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. "நீங்க எதப் போட்டீங்க?"

மெக்கானிக் வாஷரைப் பார்த்தார். அவர் போட்டது வெறும் தட்டை வாஷர்.

"ஃபோன் போடு. ஏறாதேன்னு சொல்லு."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது மகள் ஃபோனைப் பைக்குள் போட்டுவிடுவாள். அப்படிச் செய்யச் சொன்னதே மெக்கானிக்தான்.

பாலத்தில் இணைப்புகளை வண்டிகள் தாண்டும்போது கடைக்குள் தலைக்கு மேலே 'டக் டக்' என்று கேட்கும். நாள் முழுக்கக் கேட்பதால் யாரும் கவனிப்பதில்லை. இப்போது இருவரும் அண்ணாந்து அதையே கேட்டார்கள். டக். டக். பிறகு ஒரு பிரேக்கின் நீண்ட கிறீச். அதன் பின் 'டக்' சத்தம் நின்று, ஹாரன்கள் மட்டும் கேட்டன.

மனைவிதான் முதலில் ஓடினார். ஏற்றத்தின் நடுவில், பாலத்துச் சுவரில் சாய்ந்து மகள் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஒரு பஸ் சைக்கிளை முட்டாத குறையாக நின்றிருந்தது. மோட்டார் சக்கரம் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்க, வயர் அச்சைச் சுற்றி முறுக்கி அறுந்திருந்தது.

"திடீர்னு பூட்டிக்கிச்சுப்பா," என்றாள். இடது மணிக்கட்டு திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"நான் கேக்கல," என்றார் மெக்கானிக்.

"நான் குடுக்கல," என்றார் மனைவி. வாஷர் இன்னும் அவர் கைக்குள் இருந்தது.

மணிக்கட்டில் கம்பி வைக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமை ஆபரேஷன். அன்று கடை திறக்காது.