மீன்மேல் போட்ட பழி

என் மகளுக்கு வைகாசியில் கல்யாணம் என்று கார்த்திகையில் முடிவானதும் அவள் முதலில் கவலைப்பட்டது ரவிக்கையின் கைக்காகத்தான். இரண்டு மேற்கைகளிலும் இறகு பிடுங்கிய கோழித்தோல்போலச் சின்னச் சின்னப் பொரிகள். அரிப்பில்லை, வலியில்லை, தடவினால் சொரசொரவென்றிருக்கும். குட்டைக் கை வைத்துத் தைக்க ஆசை. பேசாமல் முழங்கைவரை மூடிவிடலாமா என்றும் யோசனை. தையற்கார அக்காவிடம் பங்குனிக்குள் அளவு சொல்வதாகத் தவணை வாங்கியிருந்தாள்.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். காரணம் கண்டுபிடிக்காமல் விடுவேனா? என் சந்தேகம் ஒகேனக்கல் மீன்மேல் விழுந்தது. எந்தக் கிழமை என்ன மீன் சாப்பிட்டோம், மறுநாள் பொரி எப்படி இருந்தது என்று தேதிவாரியாக எழுதினேன். பனிக்காலத்தில் பொரி அதிகமானது. பனிக்காலத்தில் நாங்கள் மீனும் அதிகம் சாப்பிட்டோம். எனக்கு அது போதும். தையில் மீன் நின்றது, பொரி நிற்கவில்லை. மகள் தன் பங்குக்குப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கையைச் சிவக்க வைத்துக்கொண்டாள்.

மாசியில் பென்னாகரத்திலிருந்து பஸ் ஏறி நான், மனைவி, மகள் மூவரும் தருமபுரியில் தோல் டாக்டரம்மாவைப் பார்த்தோம். அவர் மகளின் கையைப் பார்த்து முடித்ததும் என் நோட்டை நீட்டினேன். பொறுமையாக நாலு பக்கம் படித்தார். மூடினார்.

“சார், உங்க சட்டைக் கையைக் கொஞ்சம் மேல ஏத்துங்க.”

ஏற்றினேன். பள்ளிக்கூட வயதிலிருந்து என்னோடு இருக்கும் அதே பொரிகள். அதைக் குறிப்பெடுக்க எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

இது வழிவழியாக வருவது, கெடுதல் இல்லை, யாருக்கும் ஒட்டாது, முழுசாகப் போகாது, பனியில் தோல் வறண்டால் கூடும், வயது ஏறக் குறையலாம் என்றார் டாக்டர். நாரைத் தூக்கிப் போட வேண்டும். குளித்த ஈரம் காயுமுன் யூரியா கலந்த க்ரீம் தடவ வேண்டும். யூரியா என்றதும் என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நம்ம கரும்புக்குப் போடறதுங்களா?”

அதேதான், ஆனால் மூட்டையைப் பிரித்துப் பூசிவிடாதீர்கள் என்று டாக்டர் அவசரமாகச் சொன்னார். திரும்பும் வழியில் மனைவி மீன் வாங்கினாள். என்னிடம் கேட்கவில்லை.

பங்குனிக்குள் சொரசொரப்பு பாதி குறைந்தது, பொரி போகவில்லை. அளவு கொடுக்கும்போது நானும் கூட இருந்தேன். கை எதுவரை என்று அக்கா கேட்டதும் மகள் முழங்கைக்கு வெகு மேலே விரல் வைத்தாள்.

“இதுவரைக்கும் போதுங்கக்கா. யாராச்சும் கேட்டா எங்கப்பா குடுத்த சீருன்னு சொல்லிக்கறேன்.”